டப்பாவில் இடம் கிடைக்காத விசில்

காட்டுக்குள் தனியாக நடக்கப்போகும் சகாயமேரி, ஆபத்துக்கு உதவும் சாமான்களைச் சின்ன டப்பாவில் அடுக்கினாள். மூடி பொருந்தவில்லை. ஏதோ ஒன்று வெளியேற வேண்டும்.

"விசில் அண்ணே, நீங்களே கிளம்பிடுங்க. எனக்குப் பன்னிரண்டு வேலை தெரியும். உங்களுக்குக் கத்த மட்டும்தானே தெரியும்?" என்றது பல கருவிகள் மடங்கிய புதுக் கத்தி.

"எத்தனை ஊர்வலத்துக்கு முன்னால் போனவன் நான்! அவள் பள்ளத்தில் விழுந்தால், உன் பன்னிரண்டில் எதுடா ஆளைக் கூப்பிடும்?" என்று சீறியது விசில். ஆனாலும் அதற்கும் பயம்தான். கத்துகிறவனைத்தானே எப்போதும் முதலில் வெளியே தள்ளுகிறார்கள்!

சகாயமேரி விசிலைத்தான் எடுத்தாள். தண்ணீரில் முக்கி, உதறி, ஊதினாள். மரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன.

"இது கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கணும்" என்று கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மூடியும் பொருந்தியது.

"அப்பாடா, தொல்லை ஒழிஞ்சது" என்றது உள்ளிருந்து கத்தி. விசில் வாழ்நாளில் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் விட்டது.