பக்கத்து வீட்டு வெந்நீர்

வெட்கம் என்று ஒன்று வேண்டாமா? வாரத்தில் நாலு நாள் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு, நாலு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கிழவர் வீட்டில் போய்த் துவைத்துக்கொண்டு வருகிறாள் ஜெனெல். போதாததற்குப் பிள்ளைகள் அங்கேயே வெந்நீரில் குளித்து, தலை துவட்டி, ஜம்மென்று வீடு திரும்புகின்றன.

கேட்டால், வாஷிங் மெஷின் ரிப்பேராம். ரிப்பேர் ஆனது நவம்பரில். இப்போது பிப்ரவரி.

அந்தக் கிழவர் தைஸ்தோவை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், எங்கள் ஏரிக்கரை வீடுகள் அத்தனைக்கும் செப்டிக் டேங்க் வேலை என்றால் ரூடிதான். அதாவது நான். தோண்டுவது, புதைப்பது, உறிஞ்சுவது, உறைந்தால் உருக்குவது எல்லாம் என் கைதான். என் லாரி வருவதற்கு முன்னாலேயே வாசனை வந்து சொல்லிவிடும்.

தைஸ்தோவுக்கு எண்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. போன குளிர்காலத்தில் அவர் வீட்டுக் கழிவுக் குழாய் மூன்று தடவை உறைந்தது. கடைசித் தடவை மார்ச் மாசம். நாலடி ஆழத்துக்கு மண் பாறையாய்க் கிடந்தது. பொக்லைனின் பல் ஒன்று உடைந்தே போனது. இரண்டு வாரம் மனுஷர் வாளியிலேயே காரியத்தை முடித்தார். எங்கள் வீட்டுக்கு வந்து போங்கள் என்று கூப்பிட்டதற்கு முறைத்தார்.

அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, டுலூத் நகரத்திலிருந்து வந்த மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை உறைந்தால் வீட்டை விற்றுவிட்டு அவளோடு நகரத்து அடுக்குமாடிக்கு வந்துவிட வேண்டும். தைஸ்தோவும் வேறு வழியில்லாமல் சரி என்றார். அந்த ஏரியை விட்டுப் போனால் அவர் ஆறு மாசம் தாங்க மாட்டார். அது ஊருக்கே தெரியும்.

உதவி என்று வாயெடுத்தால் கடித்துக் குதறிவிடுவார். ஒருநாள் அவர் வாசல் பனியை நான் தள்ளிவிட்டேன். எனக்குக் கை இல்லையா என்று கேட்டவர், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷரை இப்படி மொட்டையடிக்கிறார்களே என்று எனக்கு எரிச்சல்.

போன வியாழக்கிழமை ஜெனெல் வீட்டிலிருந்து எனக்குப் போன். கூரை மேலே இருக்கும் காற்றுக் குழாய் உள்ளே ஐஸ் கட்டி அடைத்துக்கொண்டு வீடெல்லாம் நாற்றம். கீழே குழாய்களைப் பார்க்க நிலவறைக்கு இறங்கினேன்.

அங்கே வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஜெனெல் ஓடிவந்து கதவைச் சாத்தினாள்.

"தைஸ்தோகிட்ட சொல்லிராதீங்க ரூடி."

"சொல்லத்தான் போறேன். மெஷின் நல்லா ஓடுது, அப்புறம் அவரு வீட்டு வெந்நீரு எதுக்கு உங்களுக்கு?"

"அந்த வெந்நீருக்காகத்தாங்க போறோம்" என்றாள். "போன மார்ச்சுல தோண்டும்போது நீங்கதான கத்துனீங்க. ஒண்டி ஆளு, தண்ணி சொட்டுச் சொட்டாப் போவுது, அதான் குழாயிலயே நின்னு உறையுது. நாலு பேரு குளிச்சுத் துவைச்சு வெந்நீரு ஓடுனா உறையவே உறையாதுன்னு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். அதான் நவம்பர்ல குளிரு ஆரம்பிச்சதுலேருந்து பாதித் துணி இங்க, பாதித் துணி அங்க."

நான் இந்தக் குளிர்காலக் கணக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

இந்த வருஷம் பனியே சரியாக விழவில்லை. மேலே பனி மூடியிருந்தால்தான் மண்ணுக்குப் போர்வை. அது இல்லாததால் எங்கள் கரையில் ஏழு வீட்டுக் குழாய்கள் உறைந்துவிட்டன. தைஸ்தோ வீட்டுக் குழாய் மட்டும் உறையவில்லை. எல்லாம் என் கைவேலையின் மகிமை என்று நான் காபிக்கடையில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அவரிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டுச் செய்யலாமே என்று கேட்டேன்.

"சொன்னா கதவைத் திறப்பாரா?" என்றாள் ஜெனெல்.

திறக்க மாட்டார். கூரையேறிக் குழாயைச் சரிசெய்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

லாரியில் ஏறப்போனால், தைஸ்தோ தன் வாசலில் நின்று கையசைத்துக் கூப்பிட்டார். உள்ளே காபியும் ஏலக்காய் ரொட்டியும் தயாராக இருந்தன. மனுஷர் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். காலையில் மகள் பேசினாளாம். உறைகிறதோ உறையவில்லையோ, இந்தக் கோடையில் வீட்டை விற்றே ஆகவேண்டும் என்று பிடிவாதமாம்.

"முடியாதுன்னுட்டேன் ரூடி. போன வருஷம்னா சரி, போயிருப்பேன். இப்ப என்னை நம்பி ஒரு குடும்பம் இருக்கு. நான் வித்துட்டுப் போயிட்டா அந்தப் பொண்ணு நாலு புள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு மூட்டையத் தூக்கிட்டு எங்க போயி நிப்பா?"

நான் ரொட்டியை மென்றபடி தலையாட்டினேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் லேசாக ஒரு பயம் தெரிந்தது.

"நீ இப்ப அவங்க வீட்டுலேருந்துதான வர்ற? அந்த மெஷினைப் பாத்தியா? தேறிருமா?"

"பாத்தேன் பெரியவரே. சுத்தமாப் போச்சு. இனிமே எவன் வந்தாலும் அதைச் சரிபண்ண முடியாது."