பத்தாவது பெயர்

“‘...மழைக்காலம் போகட்டும், அப்புறம் வந்து பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். இப்படிக்கு, அழகர்.’ அவ்வளவுதான் மூக்கம்மா” என்று சொல்லி, விடுதியை நடத்தும் அனந்தலக்ஷ்மி கடிதத்தை மடித்தாள்.

வாசலில் கடலை வறுக்கும் சங்கிலிப்பாண்டி தபால்காரரிடம் வாங்கி மூக்கம்மாளிடம் கொடுத்த இன்லண்டு அது. ஒட்டு பிரிந்தே இருந்ததால் கத்தரிக்கோலுக்கு வேலை வரவில்லை.

“மகராசனா இருக்கட்டும்” என்று மூக்கம்மாள் எழுந்தாள். விருதுநகரிலிருந்து தங்கை மகள் எழுதினால்கூட மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்பவள், நாலு வருஷத்தில் முதல்முறையாக மகன் எழுதியதை ஒரு தடவையோடு விட்டுவிட்டாள். அனந்தலக்ஷ்மிக்கு அதுவே பெரிய நிம்மதி. அதே பொய்யை அதே வார்த்தையில் இன்னொரு தடவை படிக்க அவளால் ஆகியிருக்காது.

கடிதத்தில் இருந்தது வேறு. ‘உன்னை வீட்டைவிட்டு அனுப்பினவன் நான். அங்கே உள்ளே வர எனக்கு முகமில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்கு மிளகாய் லோடோடு மட்டாஞ்சேரி பஜாருக்கு வருகிறேன். நீ வந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். வராவிட்டால் மன்னிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.’

அதே வியாழக்கிழமைதான் நகரசபை நலக்குழு அவர்கள் விடுதியான ‘அபய விலாச’த்துக்கு வருகிறது. போக்கிடம் இல்லாத பெண்கள் பத்துப் பேர் இருந்தால்தான் எழுபத்தெட்டாம் வருஷ மானியம். ஒரு தலை குறைந்தாலும் கிடையாது. மானியம் இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு எல்லாரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். போன மாசம் லோகாம்பாள் கண்ணை மூடியதோடு மிச்சம் சரியாகப் பத்து. யாரையாவது இரவல் வாங்கி உட்கார்த்தி வைக்கவும் வழியில்லை. பெயரைக் கூப்பிட்டுக் கைநாட்டை ஒத்துப் பார்ப்பார்கள்.

குழு ஒன்பது மணிக்கு வந்துவிட்டால், பத்து மணிக்குள் மூக்கம்மாளைத் தானே பஜாருக்குக் கூட்டிப்போய் விடலாம், போகிற வழியில் உண்மையையும் சொல்லிவிடலாம் என்று அனந்தலக்ஷ்மி நினைத்திருந்தாள்.

குழு வந்தது பதினொன்றரைக்கு. அழகரிடம் ஆள் அனுப்பவும் அவளுக்குப் பயம். சேதி கேட்டு அவன் நேரே உள்ளே வந்து நின்றால், கவுன்சிலர் கண்ணெதிரே பத்து ஒன்பதாகிவிடும்.

கூட்டிப்போக யாராவது இருக்கிறார்களா என்று கவுன்சிலர் கமலாக்ஷியம்மா எல்லாரிடமும் மலையாளத்தில் ஒரே கேள்விதான் கேட்டார். “கொண்டுபோகான் ஆளுண்டோ?”

“எமன் உண்டு” என்றாள் வரிசையில் உட்கார்ந்திருந்த திரிபுரசுந்தரி. “போன மாசம் வந்தவன் ஆளை மாத்திக் கூட்டிண்டு போயிட்டான்.”

கவுன்சிலர்கூடச் சிரித்துவிட்டார். சிரிக்காதவள் அனந்தலக்ஷ்மி ஒருத்திதான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது பெயர் மூக்கம்மாள்.

“இவர்க்கு ஒரு மகன் உண்டல்லோ? விளிச்சால் போகுமோ?”

“மகன் இருக்கானே, கூப்பிட்டா போவியான்னு கேக்கறா” என்று அனந்தலக்ஷ்மி தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள்.

மூக்கம்மாள் கவுன்சிலரை நேராகப் பார்த்தாள். “அவன் கூப்பிட மாட்டான் தாயி. எனக்குன்னு ஒருத்தரும் இல்ல.”

கைநாட்டு ஒத்துப்போனது. “பத்து. கிராண்ட் பாஸாக்காம், கேட்டோ” என்று மானியத்துக்கு உறுதி சொல்லி, சாயாவைக் குடித்துவிட்டு கவுன்சிலர் கிளம்பினார்.

அனந்தலக்ஷ்மி செருப்புகூடப் போடாமல் பஜாருக்கு ஓடினாள். கிடங்கு வாசலில் மிளகாய் நெடி இருந்தது, லாரி இல்லை.

“அழகரா?” என்றான் மூட்டை இறக்கும் வீரபாண்டி. “லோடு எறக்குன பிறகும் வண்டி மேல ஏறி நின்னு தெருவையே பாத்துக்கிட்டு இருந்தாம்மா. இப்பத்தான், அஞ்சு நிமிசம் இருக்கும். இனிமே இந்த ஊரு லோடே எடுக்க மாட்டேன்னுட்டுப் போனான்.”

அவள் திரும்பி வந்தபோது மூக்கம்மாள் சாயா கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அனந்தலக்ஷ்மி அவள் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“மூக்கம்மா, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். அந்தக் கடுதாசியில உன் பிள்ளை எழுதியிருந்தது...”

“அழுவாதீகம்மா. சங்கிலிப்பாண்டி வாசல்லயே பிரிச்சுப் படிச்சுச் சொல்லிட்டான்.”

மூக்கம்மாள் கடைசி கிளாஸையும் கவிழ்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“உங்ககிட்டச் சொல்லிக்கிட்டுக் கெளம்பத்தான் அன்னைக்குக் கடுதாசியோட உள்ள வந்தேன்.”