கழுவிய பிடி

"ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்க சார்."

மின்விசிறி கம்பெனியில் மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம். காலை ஷிஃப்டில் எல்லோருக்கும் அக்காவாக இருப்பவள், தானும் மதிய ஷிஃப்ட் பெண்ணும் மாறி மாறிப் பயன்படுத்தும் பிளையரைச் சூப்பர்வைசர் மேஜையில் படாரென்று வைத்தாள்.

"மோந்து பாருங்க. இன்னிக்கு இதை நான் தொடவே இல்ல. பக்கத்து பெஞ்சுல கேட்டு வாங்கித்தான் வேலை பார்த்தேன்."

அவர் மோந்து பார்த்தார். "சோப்பு வாசனை. சுத்தமா இருந்தா நல்லதுதானேம்மா?"

"சுத்தமா? இரும்புல கிரீஸ் அப்படியே இருக்கு. ரப்பர் பிடியை மட்டும் பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்கா. கை படுற இடத்தை மட்டும்!"

அக்கா கைகளை நீட்டினாள். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெண்புள்ளிகள்.

"நான் தொட்டதைக் கழுவாம மதிய ஷிஃப்ட் மகராணி தொட மாட்டா. அதுவும் கிளவுஸ் மாட்டிக்கிட்டு!"

வீட்டுக்கு ஓடத் துடிக்கிற கூட்டம் அன்று நகரவே இல்லை. அடுத்தவர் சண்டை என்றால் யாருக்கும் பசி தெரியாது.

"நாத்தனார் வீட்டுல எனக்குத் தனி டம்ளர். பஸ்ல என் பக்கத்து சீட் காலியாவே வரும். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன் சார். இங்க ஒரு இடத்துலதான் என்னை மனுஷியா நடத்தினாங்க. அதுலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டா."

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மதிய ஷிஃப்ட் பெண் உள்ளே வந்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. கையில் கிளவுஸ்.

"வாங்க மகராணி," என்றது ஒரு குரல்.

"இந்தப் பிடியை நீதான் கழுவுறியா?" சூப்பர்வைசர் கேட்டார்.

திருதிருவென விழித்தாள். "ஆமா சார்."

"எதுக்கு?"

"தனியா சொல்றேன் சார்."

"தனியா என்னடி?" அக்கா பாய்ந்தாள். "கழுவுறப்ப கூசலை, சொல்றப்ப கூசுதோ? எல்லார் முன்னாடியும் சொல்லு!"

புதியவளின் கண்ணில் நீர் முட்டியது.

"நீங்க நினைக்கிற மாதிரி இல்லக்கா. வேலையை ஆரம்பிக்கிறப்ப நான் கழுவுறதில்ல. முடிச்சுட்டுப் போறப்பதான் கழுவுறேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அவள் கிளவுஸை மெல்லக் கழற்றினாள். உள்ளங்கை முழுக்க வட்ட வட்டமாகச் சிவந்து, தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

"படை சார். டாக்டர் ஒரு மாசம் லீவு போடச் சொன்னார். புதுசா வந்தவ லீவு கேட்டா, வேற ஆளைப் போட்டுடுவீங்கன்னு பயந்து மறைச்சுட்டேன். சின்ன ஸ்க்ரூ மாட்டுறப்ப கிளவுஸைக் கழற்றித்தான் ஆகணும். அதான் போறப்ப பிடியைக் கழுவி வைக்கிறேன். வேலையை விட்டு எடுத்துடாதீங்க சார்."

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"உங்க கையில இருக்கறது யாருக்கும் ஒட்டாதுக்கா. என் கையில இருக்கறதுதான் உங்களுக்கு ஒட்டிடும்."