பக்கம் திருப்பும் இடம்

பெனிட்டா பக்கத்தைத் திருப்ப மறந்துவிட்டாள்.

மற்ற அம்மாக்களோடு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அவள் அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

'வாசனை' என்று வந்ததும் திருப்ப வேண்டும். வீட்டில் அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

மீன் கழுவிக்கொண்டே அவள் பாடத்தை வாசிப்பாள். மகள் கேட்பாள். பிறகு ஒரு வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள்.

எழுத்துதான் பிடி கொடுக்காது. ஓடுதும்மா என்பாள். சோம்பேறித்தனம் இல்லை, மூளை வேறு மாதிரி படிக்கிறது என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கூடம் கேட்கவில்லை. பெற்றோர் கூட்டத்தன்று எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும், இல்லையென்றால் மறுபடியும் நாலாம் வகுப்புதான் என்றார்கள்.

"எறும்புகளுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது," என்றது மகளின் கணீர்க் குரல். "முன்னால் போன எறும்பு விட்டுச்சென்ற வாசனையைப் பிடித்துக்கொண்டே…"

திருப்புட்டி. திருப்பு.

திருப்பவில்லை. பாடம் மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

மிஸ் எட்டிப் பார்த்தார்.

"நிறுத்து. எந்தப் பக்கத்துல வாசிக்கே?"

பெனிட்டா புத்தகத்தைப் பார்த்தாள்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஏமாத்துதியா?"

பின்னாலிருந்து ஒரு அம்மா, "கிளி மாதிரில்லா சொல்லுது," என்றாள். வகுப்பே சிரித்தது.

மாட்டிக்கொண்டால் சொல்ல பெனிட்டாவின் அம்மா ஒரு பொய் வைத்திருந்தாள். பிள்ளைக்கு நேத்துலேர்ந்து கண்வலி மிஸ். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

மகள் அவளைப் பார்த்தாள். அழவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"உக்காரு," என்றார் மிஸ்.

"உக்காராத பெனி."

எழுந்து நின்றிருந்தது அம்மாதான்.

"எம்மவளுக்கு வாசிக்க வராது மிஸ். மறைச்சது என் தப்பு. ஆனா பாடம் தெரியும். அவளுக்குக் காதுதான் கண்ணு. அதுக்காக அவளை எங்கேயும் பின்னால உக்கார வைக்க நான் விடமாட்டேன்."

சிரிப்பு நின்றது. அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உட்காரவில்லை.

பெனிட்டா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். புத்தகத்தைக் கொண்டுபோய் மிஸ் கையில் கொடுத்தாள்.

"நீங்க பாத்துக்கிடுங்க மிஸ். தப்பு விட்டா சொல்லுங்க."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

மிஸ் புத்தகத்தை விரித்தார். கண் புத்தகத்தில் இறங்கியது.

எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண் தெரியாமல், வழி தவறாமல்.

"…வாசனையைப் பிடித்துக்கொண்டே…"

மிஸ்ஸின் விரல் பக்கத்தைத் திருப்பியது.