நீலியின் கடிவாளம்

எங்கள் குடும்பத்தில் யாரும் கடிவாளம் பிடித்து நடந்ததில்லை. அது குதிரைக்காரன் வேலை. ஜெயித்த குதிரையை உரிமையாளரே கூட்டத்தின் முன் நடத்திவர வேண்டும் என்பது பந்தயத்திடல் வழக்கம். எங்கள் குதிரைகள் ஜெயித்ததே இல்லை என்பதால் அந்தச் சங்கடம் வரவில்லை. பிறகு, முன்கால் வளைந்த, யாரும் விலை கேட்காத நீலி வந்தாள். சிறிய ஊர்த் திடல்களிலெல்லாம் ஜெயித்தாள். நான் வீட்டிலேயே இருந்துகொண்டு, குதிரைக்காரன் அந்தோணியை நடத்திவரச் சொன்னேன். இன்று பெரிய கோப்பை. வராமல் இருக்க முடியவில்லை.

“என்ன சம்பந்தி, உங்க கழுதையைக் கண்ணுலயே காணோமே?” என்று சிரித்தார் பக்கத்தில் இருந்த மருமகளின் தந்தை. கடைசித் திருப்பத்திலும் நீலி எல்லோருக்கும் பின்னால்தான் இருந்தாள். அப்போது வேலியோரம் குதிரைகளுக்கிடையே ஒரு சந்து திறந்தது. பாய்ந்தாள். ஒவ்வொரு குதிரையாகப் பின்தங்கியது. “விடாதேடி நீலி! ஓடு, என் தாயே!” என்று யாரோ நாற்காலிமேல் ஏறிநின்று கத்தினார்கள். அது நான்தான்.

ஒரு தலை நீள வித்தியாசத்தில் ஜெயித்தாள். அந்தோணி வழக்கம்போலக் கடிவாளத்தைப் பிடிக்க ஓடினான்.

“தொடாதேடா!”

அங்கவஸ்திரம் நழுவியதுகூடத் தெரியாமல் திடலுக்குள் இறங்கினேன். கூட்டம் வழிவிட்டது. நீலியின் மூச்சு என் விரல்களில் சுட்டது.

“அந்தோணி,” என்றேன் மெதுவாக, “இதை எந்தக் கையால பிடிக்கணும்?”