ரோமாபுரிக்குக் காவல்

அந்தக் காவலாளி இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

அருங்காட்சியகத்தின் பாரசீக அறையில் தொடங்கியது. சச்சிதானந்தன் தன் மாமியாரை ஒரு வெள்ளிக் கிண்ணத்துக்கு முன்னால் நிறுத்தி, அந்த ராச்சியம் எப்படி எழும்பியது, எப்படி விழுந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தார். நீலச் சட்டை போட்ட ஒருவன் மெல்ல வந்து பக்கத்தில் நின்றான். அசோகன் அறைக்குப் போனார்கள். அவனும் வந்தான்.

“மாமி, திரும்பிப் பாக்காதேங்கோ. உவன் எங்களைத்தான் பாக்கிறான்.”

கமலேஸ்வரி உடனே திரும்பிப் பார்த்தார்.

“எங்கட ஆள் போலக் கிடக்குது தம்பி. நிண்டிட்டுப் போகட்டுமே.”

“எங்கட ஆளெண்டபடியால்தான் இந்தச் சேட்டை. வெள்ளைக்காரனுக்குப் பின்னால போவானோ? மாட்டான். எங்களைக் கண்டாத்தான் துணிவு வரும்.”

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் ஒரு கடையில் சச்சிதானந்தனின் பையைத் திறந்து கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது நடந்து பதினெட்டு வருசம். வெரிபீயில் சொந்த வீடு, எஞ்சினியர் வேலை, எல்லாம் வந்தாயிற்று. ஆனாலும் யாராவது பின்னால் நின்றால் அவருக்கு முதுகு கூசும். அதுவும் இன்றைக்கு மாமியாருக்கு முன்னால்! யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு கிழமைதான் ஆகிறது. மருமகன் இங்கே எவ்வளவு மதிப்பாக இருக்கிறார் என்று ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டிய மனுசி.

மூன்றாவது, ரோமாபுரி அறை. சச்சிதானந்தன் விறுவிறு என்று நடந்தார். பின்னால் சப்பாத்துச் சத்தமும் விறுவிறு என்று வந்தது.

“ஆத்துக்கு அங்கால சண்டை, மாமி. கோத்தர் எண்ட சனம் உயிர் தப்ப வள்ளத்திலயும் தெப்பத்திலயும் ஏறி, ஆத்தைக் கடந்து வந்து ரோமாபுரியிட்ட அடைக்கலம் கேட்டுது. உள்ளுக்கு விட்டாங்கள். ஆனா மனுசரா மதிக்கேல்லை. பட்டினி போட்டாங்கள். பிறகு அந்தச் சனமே கிளம்பி அடிச்சது. அதோட சாம்ராச்சியம் ஆட்டங் கண்டிட்டுது.”

“அந்தரிச்சு வந்த சனத்தைப் பட்டினி போட்டா விழத்தானே வேணும்” என்றார் கமலேஸ்வரி.

“அதைத்தான் நானும் சொல்லுறன். வந்தவனை மதிக்கத் தெரியாத ராச்சியம் உருப்படாது.”

சொல்லிவிட்டுத் திரும்பினால், ஒரு முழத் தூரத்தில் அந்த முகம். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் லதீஸ் என்று பெயர். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல மேலே பார்த்தான்.

சச்சிதானந்தனுக்குப் பொறுமை போய்விட்டது.

“இதில நில்லுங்கோ மாமி. ஒரு நிமிசத்தில வாறன்.”

முன் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அவருடைய ஆங்கிலம் அன்றைக்குத் தடங்கல் இல்லாமல் வந்தது. “ஒவ்வொரு அறையாக எங்களைப் பின்தொடர்கிறார். எங்களைப் பார்த்தால் திருடர் மாதிரியா இருக்கிறது? பெயர் லதீஸ்.”

அவள் முகம் மாறிவிட்டது. “மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் வெளி நிறுவனம் அனுப்பிய ஆள். இப்போதே கூப்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். இனி இந்தப் பக்கம் வரமாட்டார்.”

சச்சிதானந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

மாமியார் ஒரு கதிரையில் இருந்தார். பக்கத்தில் அவன்.

“கதிரை ஏது மாமி?”

“இந்தத் தம்பிதான் எங்கையோ போய்த் தூக்கிக்கொண்டு வந்தவர். முழங்கால் நோகுதெண்டு நான் வாயே திறக்கேல்லை. தானாக் கண்டுபிடிச்சிட்டார்.”

அவன் ஒரு அடி முன்னால் வந்தான். “குறை நினையாதேங்கோ அண்ணை. இப்படிப் பின்னால வந்தது பிழைதான். இப்ப எனக்குச் சாப்பாட்டு நேரம். அதுதான் வரக்கூடியதாய் இருந்தது.”

“சாப்பிடுற நேரத்தில எங்களுக்குப் பின்னால உமக்கு என்ன வேலை?”

“நாலு மாசமா இதுகளுக்குக் காவல் நிக்கிறன் அண்ணை. எழுதி வைச்சிருக்கிற இங்கிலீசு எனக்குப் பிடிபடாது. ஊரில மகள் சரித்திரம் படிக்கிறாள். ரெண்டு வயசில விட்டிட்டு வந்தனான், இப்ப பதினைஞ்சு. அப்பா வேலை செய்யிற இடத்தில என்ன இருக்கெண்டு போனில எப்பவும் கேப்பாள். பழைய சாமான் எண்டுதான் சொல்லியிருக்கிறன். அதை ஒருத்தர் தமிழில சொல்ல இண்டைக்குத்தான் கேக்கிறன்.”

முதுகுக்குப் பின்னால் இருந்த கை வெளியே வந்தது. அதில் மடித்த ஒரு தாள். வேலை நேர அட்டவணை. அதன் பின்பக்கம் முழுக்கப் பேனையால் பொடிப் பொடியாகத் தமிழ் எழுத்து. பாரசீகம். அசோகன். ரோமாபுரி.

“வள்ளத்தில வந்த சனத்தின்ர கதையைத்தான் கூட எழுதினனான்” என்றார் லதீஸ். “நானும் வள்ளத்தில வந்தவன்தானே அண்ணை. வந்தவனை மதிக்கத் தெரியாத ராச்சியம் உருப்படாது எண்டியளே, அதை அப்படியே எழுதியிருக்கிறன். மகளுக்குச் சொல்லவேணும்.”

சச்சிதானந்தனுக்குக் கவுண்டருக்கு ஓடிப்போய்ச் சொன்னதையெல்லாம் அழிக்கச் சொல்லவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கால்தான் நகரவில்லை.

லதீசின் இடுப்பிலிருந்த கருவி கரகரத்தது. அவர் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் தாளைக் கவனமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“கவுண்டரில கூப்பிடினம், என்னெண்டு தெரியேல்லை. சீனா அறை மட்டும்தான் மிச்சம் அண்ணை. தொடங்கிப்போடாதேங்கோ, இந்தா வந்திடுறன்.”