அரக்குப் பட்டுத் துண்டு

கூடத்துத் தரையில் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. அதன் நடுவே, பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கான ஒட்டுத்துணிப் போர்வையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள் மரகதம். பழைய வாயில் புடவை, வேட்டி, பாவாடை என்று நைந்து மெத்தென்றான துணிகளில் வெட்டிய சதுரங்கள், நிறம் மாற்றி நிறம் கட்டம் கட்டமாகச் சேர்ந்திருக்கின்றன. உள்ளறையில் கணவர் ஏகாம்பரத்தின் தறி சீராக அடித்துக்கொண்டிருக்கிறது. "நடுவுல வைக்க ஒரு துணி கொறையுது. எதுனா இருந்தா குடும்மா," என்கிறாள். வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்திருக்கும் மகள் சங்கீதா, வயிற்றைத் தாங்கியபடி எழுந்து போய், பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து அம்மாவின் மடியில் போடுகிறாள். அரக்குப் பட்டு. ஓரத்தில் அன்னப்பட்சி ஜரிகை. மரகதம் அதைத் திருப்பிப் பார்க்கிறாள். மகள் கல்யாணத்துக்கென்று ஏகாம்பரம் தன் கையால் நெய்த முகூர்த்தப் புடவை அது. கத்தரிக்கோல் கோணல்மாணலாக ஓடிய விளிம்பில் இழைகள் பிரிந்து தொங்குகின்றன.

"என்னாடி பண்ணி வச்சிருக்கற?" குரல் காற்றாகத்தான் வருகிறது.

"அந்த வூட்டுக்கு நான் திரும்பிப் போவலம்மா. அவரு அடிக்கிறாரு." சங்கீதா ரவிக்கைக் கையை மேலே ஏற்றுகிறாள். விரல்கள் பதிந்த இடம் கருநீலமாகக் கன்றியிருக்கிறது. "வயித்துல புள்ள இருக்குதுன்னுகூட பாக்கல."

தறிச் சத்தம் நின்றுபோயிருக்கிறது. நிலைப்படியில் ஏகாம்பரம் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. மரகதம் துண்டை முந்தானைக்குள் மறைக்கப் பார்க்கிறாள். அதற்குள் அவர் குனிந்து அதை எடுத்து, அன்னப்பட்சியின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப அவள் மடியிலேயே வைக்கிறார்.

"ஜரிக கொழந்தைக்குக் குத்தும்," என்கிறார். "உள்பக்கமா மடிச்சித் தை."